தம்பி உயிரோடுதான் இருக்கிறான்

பத்திர ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் கோபால்சாமியைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். மலையிலிருந்து காலை பஸ்ஸில் ஒடுகத்தூருக்கு இறக்கியதிலேயே அவனுக்குப் பாதி உயிர் போயிருந்தது. வயிற்றில் கட்டி. வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். மனைவி மங்கம்மாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறினாள். அண்ணன் ரங்கசாமி பத்திரம் எழுதும் ராஜவேலுவின் மேஜைக்கும் மரத்தடிக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

பவர் பத்திரம் எழுதுவது ரங்கசாமியின் யோசனை. தம்பி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தால், செலவுக்கு மலையிலிருக்கும் கொல்லை நிலத்தின் பேரில் கடன் வாங்க ஓர் ஆள் கையெழுத்துப் போட வேண்டாமா என்று கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. மங்கம்மாள் பேருக்கே எழுதலாமே என்று கோபால்சாமி முனகினான். பொம்பளையை ஆபீஸ் ஆபீஸாக அலைய விடுவாயா என்று அண்ணன் அதட்டியதும் அடங்கிவிட்டான். அவர்களுக்கு இருந்தது அந்த ஒரே கொல்லைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மங்கம்மாள் கல் பொறுக்கிப் பொறுக்கிச் சாமை விளையும்படி செய்த மண்.

ராஜவேலு எழுதியதைக் கடகடவென்று வாசித்தார். கடன் வாங்க, அடமானம் வைக்க, விற்க என்று போனது. மங்கம்மாள் நிமிர்ந்தாள்.

“விக்கறதுக்கும் எழுதிட்டீங்களே. இவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா இன்னாங்க பண்றது?”

“எல்லாப் பவர்லயும் அப்படித்தாம்மா எழுதுவோம். ஆளுக்கு மூச்சு இருக்கற வரைக்கும்தான் இந்தப் பத்திரம். மூச்சு நின்னா அன்னிக்கே இது வெறும் காயிதம்” என்றார் ராஜவேலு.

அதை ரங்கசாமியும் கேட்டான். தம்பியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவன் அவன்தான்.

வேலூரில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்டதை வாங்கிக் கொடுங்கள் என்றார் டாக்டர். மலைக்கு வந்தபின் சில நாள் கஞ்சித் தண்ணீர் இறங்கியது. ஒரு புதன்கிழமை விடியலில் கோபால்சாமி இறந்துபோனான்.

ரங்கசாமி அழுதான். அது பொய்யழுகை என்று சொல்ல முடியாது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே இருக்கும் உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன், நான் வருவதற்குள் எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி, காலை பஸ்ஸில் மலையிறங்கினான். வெயில் ஏறியது. பிணம் உப்பத் தொடங்கியது. கூடப்பிறந்த அண்ணன் இல்லாமல் எப்படி எடுப்பது என்று ஊரே காத்துக் கிடந்தது. சாயங்கால பஸ்ஸில் அவன் பெரிய ரோஜா மாலையோடு வந்து இறங்கினான். உறவுக்காரர் ஒருவரையும் காணோம். தம்பிக்கு எவ்வளவு பெரிய மாலை என்று பெண்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

கருமாதிக்கு முன்பே துரைக்கண்ணுவின் ஆட்கள் கொல்லையில் எல்லைக்கல் நட வந்தார்கள். துரைக்கண்ணு ஒடுகத்தூர்ப் புளி வியாபாரி. புதன்கிழமை எங்கள் முதலாளி பேருக்குக் கிரயம் ஆகிவிட்டது என்றார்கள். அந்த மாலை எந்தக் காசில் வந்தது என்று மங்கம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. அழுகை வரவில்லை. குழியைத் தோண்டி அந்த மாலையை எடுத்து வந்து ரங்கசாமியின் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது.

அவள் ஒடுகத்தூருக்கு ஓடினாள். தம்பி உயிரோடுதான் இருக்கிறான் என்று பவர் வாங்கியவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார், இறந்துவிட்டார் என்றால் சான்று கொண்டு வா என்றார் பத்திர ஆபீஸ் அதிகாரி. சாவை எழுதவேண்டிய மலை மணியக்காரரோ, கூடப்பிறந்த பங்காளி வந்து சொன்னால்தான் எழுதுவேன், ரங்கசாமியை அழைத்து வா என்றார். அவள் வாசலைவிட்டு நகராமல் நின்றதும் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“உன் கழுத்துல தாலி தொங்குது. நான் இன்னாத்த நம்பி செத்தான்னு எழுதறது?”

கருமாதி அன்றுதான் தாலி வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? மங்கம்மாள் வீட்டுக்குத் திரும்பினாள். வழி முழுக்கத் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டே நடந்தாள்.

கருமாதிக்கு ஓடைக்கரையில் ஊர் கூடியிருந்தது. ரங்கசாமியின் மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் வீட்டாரும் வந்திருந்தார்கள். கொல்லை விற்ற காசில்தான் அவர்களுக்குப் பரிசம் போயிருந்தது. கருமாதி முடிந்ததும் கல்யாணம். ரங்கசாமி மொட்டையடித்து முழுகி எழுந்தான். மூத்த விதவையான குப்பம்மாள், தாலியை வாங்கக் கையை நீட்டினாள். மங்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்க்கா. வூட்டுக்காரரு உயிரோட இருக்கறப்ப தாலி கழட்டலாமா?”

புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ரங்கசாமியின் பக்கம் திரும்பினாள்.

“பொணம் வூட்ல கெடக்கறப்ப, தம்பி உயிரோடதான் இருக்கறான்னு ஆபீஸ்ல சத்தியம் பண்ணிட்டு, என் கொல்லைய வித்துட்டு வந்தாரு இந்த மாமா. தம்பி எந்தக் கெழமை செத்தாருன்னு அவரு வாயால சொல்லட்டும். இப்பவே கழட்டித் தர்றேன்.”

ஊருக்குப் பஞ்சாயத்து சொல்லும் ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி, சொல்லப்பா என்றார். புதன்கிழமை என்று சொன்னால் ஜெயில். வேறு கிழமை சொல்லலாமென்றால், புதன்கிழமை பாடை தூக்கியவர்கள் எதிரிலேயே நின்றார்கள். மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய ரங்கசாமி தரையைப் பார்த்தான். தாலி வாங்காமல் கருமாதி இல்லை. கருமாதி முடியாத பங்காளி வீட்டில் கல்யாணமும் இல்லை. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் மேடேறி மறையும்வரை மங்கம்மாள் கண் நிறையப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் வயிறு முட்டக் களி தின்றாள்.

ரங்கசாமி துரைக்கண்ணுவின் கடைக்கு ஓடினான். கிரயத்தை ரத்து செய்யுங்கள், எப்படியாவது பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்று காலில் விழுந்தான்.

“சத்தியம் பண்ணது நீ. போலீஸ் வந்தா உள்ள போறதும் நீதான். நான் காசு குடுத்து வாங்குனவன்” என்றார் துரைக்கண்ணு.

அவர் போலீசில் வாயைத் திறக்காமல் இருக்க, ரங்கசாமி பக்கத்திலிருந்த தன் கொல்லையையும் அவர் பேருக்கே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மழை பெய்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவிலிருந்த வரப்பைத் துரைக்கண்ணுவின் ஆட்கள் வெட்டி எறிந்து, ஒன்றாக உழுது சாமை விதைத்தார்கள். களையெடுக்க வந்த கூலியாட்களில் மங்கம்மாளும் இருந்தாள், ரங்கசாமியும் இருந்தான். அவள் நெற்றியில் குங்குமம். தாலிக்கயிற்றில் புது மஞ்சள். தினமும் ஒரு தடவை, கைவேலையை நிறுத்தாமல், எல்லோர் காதிலும் விழும்படி அவள் கேட்பாள்.

“மாமா, உங்க தம்பி எப்ப வர்றாரு?”

அன்றும் கேட்டாள். ரங்கசாமியின் களைக்கொத்து நின்றது. கொல்லையோரம் குடைக்குள் நின்றிருந்த துரைக்கண்ணு, பேசுவதற்கா கூலி தருகிறேன் என்று சத்தம் போட்டார்.

இருவரும் குனிந்து களையெடுத்தார்கள்.