ஆரினின் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து?

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவன் ஆரின், என் பக்கத்து வீட்டுக்காரன். போன செப்டம்பரில், எங்கள் மீக்கர் ஊருக்கு மேலே உள்ள மலையில், அவன் சுட்ட எல்க் கொம்பன் ஒன்று, குதிரை உயரக் கொம்பு மான், தோளில் அடிபட்டு ஓடிப்போனது. அவனும் அவன் மனைவி லீட்டாவும் நானும் இரண்டு நாள் ரத்தச் சொட்டுகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். இரண்டாம் நாள் மாலை சொட்டுகளும் நின்றுபோயின. "போதும், திரும்பலாம்" என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். அது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

அவன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. கதையில் தப்பு குண்டின் மேல் இருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "உருண்டைக் குண்டை நம்பியவன்..." (அடித்துவிட்டேன். பழமொழி வேஷம் போடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "மலைச்சரிவில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு..." (இலை என்ன நிறமானால் என்ன? அடிபட்டது மான்.)

சரி, ஆரின் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஆகஸ்ட். எங்கள் துப்பாக்கிகள் பழைய பாணி, ஒவ்வொரு வெடிக்கும் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகக் கெட்டிக்க வேண்டும். காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு வெடிமருந்து டப்பா, பித்தளை அளவுக்குழாய், இரண்டு வகைக் குண்டுகள். ஒன்று உருண்டை. எண்ணெய்த் துணியில் பொதிந்து இறக்குவது. எடை குறைவு, போன வருஷம் போட்டது இதைத்தான். மற்றது விரல்நுனி போல நீண்டது, எடை கிட்டத்தட்ட இருமடங்கு. எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். சுடுகிறவன் தோளையும் சும்மா விடாது, நன்றாக உதைக்கும்.*

ஆரின் பெரிய குண்டைக் கையில் உருட்டியபடி, இதற்கு நூறு கிரெய்ன் மருந்து கெட்டித்தால் எந்தக் கொம்பனும் ஓடாது என்றான். அறுபது போதும், மிச்சத்துக்குக் காலால் நடந்து கிட்டே போ என்றாள் லீட்டா. அறுபது முயலுக்குத்தான் காணும் என்று அவன் சிரித்தான்.

"கிட்டப் போகத் துப்பில்லாதவன்தான் மருந்த அள்ளிக் கொட்டுவான்" என்றாள் அவள்.

(* கிரெய்ன் எடைக்கணக்குதான். ஆனாலும் இந்த மருந்தை நாங்கள் நிறுப்பதில்லை, குழாயில் அளந்து ஊற்றுவோம். இப்போது வரும் மாற்று மருந்துகள் லேசானவை. தராசில் நூறு நிறுத்தால் குழாயில் நூற்று நாற்பது வந்து நிற்கும். அப்படி நிறுத்துப் போட்டு மல்லாந்து விழுந்தவர் எங்கள் ஊரில் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.)

3

இந்த இடத்தில் கதை என்னோடு மல்லுக்கு நின்றது. பெரிய குண்டு வாங்குகிறான், கொம்பன் விழுகிறது, பழி தீர்கிறது என்று முடித்தால் ஆரினுக்குத் திருப்தி. ஆனால் அவன் சுட்டுப் பழகிய குறிக்காகிதங்களை நான் பார்த்திருந்தேன். குண்டு சரியில்லை என்றால் ஓட்டைகள் நாலாபக்கமும் சிதறியிருக்க வேண்டும். இவையெல்லாம் ஒன்றாகக் குறிக்குக் கீழே விழுந்திருந்தன. மருந்து கூடக் கூட இன்னும் கீழே.

"இருபது வருஷப் பழக்கத்தில் அவனுடைய குறி எப்போதும் போல..." என்று ஒரு வாக்கியம் எழுதினேன். பாதியில் நிறுத்திவிட்டேன், பொய்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஆரின் குதிரையிலிருந்து விழுந்தான். துப்பாக்கி உதைக்கும் பக்கம், வலது காறை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் வானிலை பற்றிப் பேசுவான்.

4

(இந்தப் பகுதியை எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன்.)

ஊருக்கு வெளியே சரளைக்கல் குழியில் சுட்டுப் பழகினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம். அவன் காகிதத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பான், அவள் கெட்டித்துக் கொடுப்பாள். அவள் கை போட்டதை அவன் சோதித்துப் பார்த்ததே இல்லை.

அன்று லீட்டா குழாயை எடுத்தாள், வைத்தாள். கெட்டிக்கும் கம்பியை வெறுங்குழலில் இறக்கி ஏற்றினாள். மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புத் தொப்பி, கேப், ஏற்கெனவே வெடித்துப்போனது ஒன்றைப் பொருத்தித் துப்பாக்கியை நீட்டினாள். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆரின் குறிபார்த்தான். விசையை அழுத்தினான். டிக் என்ற சத்தம் மட்டும். உதைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவன் கண்கள் இறுக மூடின, தோள் பின்னால் போயிற்று, துப்பாக்கி முனை ஒரு சாண் கீழே இறங்கியது.

அவன் துப்பாக்கியை இறக்கவில்லை. மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம், அதனால் டிக் சத்தம் கேட்டால் முனையைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் நிற்பது எங்கள் பழக்கம். அப்படியே நின்றான். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"காத்திருக்க வேணாம், ஆரின்" என்றாள் லீட்டா. "உள்ள ஒண்ணும் இல்ல."

"மருந்து போடலியா?"

"மருந்தும் போடல, குண்டும் போடல."

அவன் முனையைப் பார்த்தான். அது இன்னும் கீழேதான் இருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டான்.

"போன வருஷம், அந்தக் கொம்பன் பின்னாடி நடக்கும்போதே."

5

எழுதியதைப் புதன்கிழமை அவனிடம் கொடுத்தேன். லாரியில் உட்கார்ந்தபடியே படித்தான். குண்டின் மேல் பழி போடு என்றுதானே சொன்னேன் என்றான். நாலாம் பகுதியை எடுத்துவிடுகிறேன் என்றேன், மனதாரத்தான் சொன்னேன்.

"வேணாம், இருக்கட்டும். நான் கண்ண மூடிட்டேன், அந்த மான் எங்கயோ கெடந்து செத்துச்சு. அத யாராச்சும் எழுதணும்ல."

பிறகு கணக்கை அவனே சொன்னான். பெரிய குண்டு, அறுபது கிரெய்ன், நாற்பது கஜத்துக்குள். அதற்கு மேல் சுடுவதில்லை. இன்னொரு மான் அடிபட்டு ஓடினால் இனித் துப்பாக்கியைத் தொடுவதில்லை.

6

இன்று வியாழன். சனிக்கிழமை வேட்டை சீசன் தொடங்குகிறது, ஒன்பது நாள். முடிவு இன்னும் நடக்கவில்லை. அதற்காக எழுதாமல் இருப்பேனா?

(அ) கொம்பன் முப்பது கஜத்துக்கு வருகிறது. ஆரின் கண்ணைத் திறந்து வைத்தபடி... (பரிசளிப்பு விழா மாதிரி இருக்கிறது.)

(ஆ) ஒன்பது நாளும் ஒன்றும் வரவில்லை. பீன்ஸ் தின்று அலுத்து வீடு திரும்புகிறார்கள். (பெரும்பாலும் இதுதான் நடக்கும். எழுதுகிறவனுக்கு இது ஓடி ஒளியும் இடம்.)

(இ) தொண்ணூறு கஜத்தில் கொம்பன் வந்து பக்கவாட்டில் நிற்கிறது, மேற்கொண்டு வரவில்லை. ஆரின் தனியாக இருக்கிறான். குழலில் கெட்டித்த அறுபதை இனி மாற்ற முடியாது. போன வருஷக் கணக்கைத் தீர்க்க ஒரு விரல் அசைந்தால் போதும்.

மூன்றாவதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. லீட்டாவிடம் கேட்டேன். அவளுக்கும் பெர்மிட் இருக்கிறது, எதிர்ச்சரிவில் உட்காரப்போகிறாள். "ஒம்போது நாளும் வெடிச் சத்தமே கேக்கக் கூடாதுன்னு தோணுது, எழுத்தாளரே. அப்பிடி நெனைக்கிறதே அவனுக்குப் பண்ற துரோகம் மாதிரியும் இருக்கு" என்றாள்.

ஆகவே நான் இறங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை நீங்கள் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். நடுவே மரங்கள், ஆரின் தெரியமாட்டான். ஒரு கொம்பன் கூவுகிறது, அவனுக்கு எவ்வளவு கிட்டே என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கூவல் நிற்கிறது. லீட்டா உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் சுட வேண்டுமா, வேண்டாமா என்று அவளுக்கு நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தைரியமில்லை.