கூட வந்தவர்

என் மகளுக்கு ஒரு வியாதி. தினமும் சாயங்காலம் ஃபோன் பண்ணி, "சாப்பிட்டியா? கேஸை மூடினியா? இன்னிக்கு யார்கிட்டயாவது பேசினியா?" என்று போலீஸ்காரி மாதிரி கேட்பாள். மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரரையும் லிஃப்டில் பார்த்தவரையும் கணக்கில் சேர்த்துச் சமாளிப்பேன். அவள் நம்பவே மாட்டாள்.

அவள் அப்பா போன பிறகு இந்த ஃப்ளாட்டில் நான் மட்டும்தான். இதை விற்றுவிட்டு என்னை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவள் திட்டம். எனக்கு என் ஜன்னல் வேண்டும், என் குக்கர் வேண்டும், என் இஷ்டத்துக்குத் தூங்க வேண்டும். வாக்குவாதம் முற்றி, கடைசியில் இரண்டு டிக்கெட் அனுப்பினாள்.

"உன்கூட வர ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போம்மா. ஃபோட்டோ அனுப்பு. அப்படி ஒருத்தர் உனக்கு இருக்காங்கன்னு தெரிஞ்சா, இல்லம் கில்லம்னு வாயே திறக்க மாட்டேன்."

என்ன டிக்கெட் என்று பார்த்தால், பழைய மார்க்கெட்டுக்குக் கீழே நிலவறையில் நடக்கிற பேய்க் காட்சி. அந்தக் காலத்தில் இந்த ஊரில் யாரைத் தூக்கில் போட்டார்கள், யார் தலையை எங்கே குத்தி வைத்தார்கள், கொள்ளைநோயில் எப்படிக் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்பதையெல்லாம் நாமே நடுவில் நடந்து அனுபவிக்க வேண்டுமாம். பெற்ற தாய்க்குப் பரிசைப் பாருங்கள்!

ஆள் தேடினேன். மாடி வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. கூட வேலை பார்த்தவள் பேரக் குழந்தையை விட்டு நகர முடியாது என்றாள். இன்னொரு சிநேகிதிக்கு ஃபோன் பண்ணினால் அவள் மகன் எடுத்தான். அம்மா தவறிப்போய் எட்டு மாசம் ஆகிவிட்டது என்றான். அதற்கு மேல் யாருக்கும் ஃபோன் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

தனியாகவே போனேன். வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண், "கூட வர்றவங்க?" என்று கேட்டாள்.

"பின்னாடி வர்றார்" என்றேன். வெட்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் இரண்டையும் கிழித்து உள்ளே அனுப்பினாள்.

தூக்குமேடையைப் பார்த்து எல்லோரும் அலறினார்கள். நான் அசையவில்லை. பல் டாக்டர் கிளினிக்கில் முப்பது வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்து, "அடுத்தது யாரு?" என்று கூப்பிட்டவள் நான். இதைவிட நல்ல அலறல்களைக் கேட்டிருக்கிறேன். ஒரு ஜோடி பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. ஒரு அப்பாவின் சட்டையை அவருடைய பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பயப்படுவதற்கும் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது கொள்ளைநோய் வீடு. கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். அந்த நாளில் தினமும் காலையில் பிணவண்டி வந்து வீடு வீடாகத் தட்டுமாம். உயிரோடு இருப்பவர்கள் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவர்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியே மணி அடித்தது. கதவு தடதடத்தது.

"இருக்கறவங்க குரல் குடுங்க!"

"இருக்கேன்! இருக்கேன்!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நானும் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வாசலில் சொன்ன ஒரு பொய்யைத் தவிர அன்றைக்கு நான் வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

"ஒண்ணு குறையுது!" என்றது ஒரு குரல். இருட்டில் யாரோ என் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க மேடம், இதுல படுத்துக்கங்க" என்று வண்டியில் படுக்கவைத்து, வெள்ளைத் துணியால் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால் சுகமாகத்தான் இருந்தது.

ஒரு திரைக்குப் பின்னால் வண்டி நின்றது. வண்டிக்காரருக்கு என் வயது இருக்கும். முகமெல்லாம் பவுடர்.

"அந்தப் பக்கம் இப்ப லைட்டு வரும். உங்ககூட வந்தவர் உங்களைக் காணோம்னு கேப்பார். கேட்டதும் திரையைத் திறப்போம். நீங்க சட்டுனு எழுந்து உக்காருங்க, போதும்" என்று கிசுகிசுத்தார்.

விளக்கு வந்தது. காத்திருந்தோம். அந்தப் பக்கம் சிரிப்பு, செருப்புச் சத்தம். யாரோ கழிப்பறை எங்கே என்று விசாரித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

"உங்க ஆளு என்ன ஊமையா?"

"யாரும் வரலைங்க."

"ரெண்டு டிக்கெட்டுன்னாங்களே! தனியா வர்றவங்களை நாங்க வண்டியில ஏத்தறதே இல்ல மேடம். மன்னிச்சுக்கங்க."

துணிக்கு அடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்தால் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துபோயிற்று. வலிக்காது. அந்தப் பக்கம் யாராவது கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. துணியை வாயிலிருந்து விலக்கி, கிளினிக் குரலில் கத்தினேன்.

"ஏங்க! நம்மகூட ஒரு அம்மா வந்தாங்களே, அவங்க எங்க?"

திரை திறந்தது. எழுந்து உட்கார்ந்தேன். அப்படியோர் அலறலை அவர்கள் தூக்குமேடையில்கூட அலறவில்லை. எங்கோ பளிச்சென்று கேமரா மின்னியது.

வெளியே வரும்போது அந்தப் படத்தைக் கொடுத்தார்கள். நான் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் சாய்ந்துவிடாமல் என் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி பக்கத்தில் வண்டிக்காரர். அவர் கை அங்கே இருந்தது எனக்கு அப்போது தெரியவே இல்லை. படத்தை மகளுக்கு அனுப்பினேன். உடனே ஃபோன்.

"யாரும்மா அவர், உன் முதுகைப் பிடிச்சிட்டு நிக்கறவர்?"

"தெரிஞ்சவர்தான். வாக்கிங்ல பழக்கம்."

"முகமெல்லாம் என்ன பவுடர்?"

"உள்ள எல்லாருக்கும் பூசறாங்கடி."

"உன்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாரா?"

"அவர்கிட்ட வண்டி இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பை நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. "அப்பாடா! எனக்கு இப்பத்தாம்மா நிம்மதி. இனிமே தினம் ஃபோன் பண்ணி உன்னை நச்சரிக்க மாட்டேன். மாசம் பொறந்ததும் பேசறேன், சரியா?"

"சரிடி. நீயும் நிம்மதியா இரு" என்றேன். ஜெயித்துவிட்டேன். ஜன்னலும் குக்கரும் எனக்கே.

மறுநாள் சாயங்காலம் சாப்பிட்டேன். கேஸை மூடினேன். வழக்கம்போல ஃபோனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருட்டிய பிறகும் அது அடிக்கவில்லை. எழுந்து போய்க் கேஸை இன்னொரு தடவை திருகிப் பார்த்தேன்.

"மூடிட்டேன்டி" என்றேன்.

குரல் கரகரவென்று வந்தது. அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.