வேணிக்கு ஒரு கஷ்டம் தேவை

மகள் வேணிக்குக் கஷ்டமே இல்லை என்பதுதான் மாதவனின் பெரிய கஷ்டம்.

எல்லாம் அந்தக் கோட்டுக்காரரால் வந்தது. திருவெறும்பூரில் மாதவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஊழியர்களுக்கு ஊக்கப் பேச்சு பேச அவரை அழைத்திருந்தார்கள். "சின்ன வயசுல கஷ்டம், விதவிதமான பயிற்சி. இது ரெண்டும் இல்லாம திறமை வராதுங்க" என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு, ஏசி காரில் ஏறிப் போய்விட்டார். மாதவன் வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் வேணி கேரம் நன்றாக ஆடுவாள். அடுத்த மாதம் ஸ்ரீரங்கத்தில் தேர்வுப் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஆனால் பெண்ணுக்குத் தனி அறை, ஏசி, ஸ்கூலுக்கு வேன். இதில் திறமை எங்கிருந்து வரும்?

"கஷ்டம்தானே வேணும்? உங்க அக்கா வீட்ல ஒரு வாரம் கொண்டு விடுங்க" என்றாள் மனைவி ராசாத்தி.

மாதவன் அதைக் காதில் வாங்காமல் காரியத்தில் இறங்கினான். ஏசி ரிமோட்டை ஒளித்து வைத்தான். வேணி மொட்டை மாடியில் பாயை விரித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கூத்தடித்தாள். வேனை நிறுத்தினான். அவள் டவுன் பஸ் கண்டக்டரோடு சிநேகமாகி ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜமால் பாய் சைக்கிள் கடையில் மழையில் நனைந்து உப்பிய கேரம் போர்டு. முசிறியில் மச்சான் வீட்டில் ஒரு பக்கம் சாய்ந்த போர்டு. எல்லாவற்றிலும் ஆட விட்டான். ஜமால் பாய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். முசிறியில் சீப்புச் சீப்பாய்ப் பூவன் பழம். கஷ்டப்படப் போன பெண் ஒரு சுற்றுப் பெருத்து வந்தாள்.

எங்கே ஆடினாலும் மாதவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வான். அவள் ஸ்ட்ரைக்கரை வைத்ததும் ஆரம்பித்துவிடுவான். "நானெல்லாம் உப்பிலியபுரத்துல செருப்பில்லாம நடந்து பள்ளிக்கூடம் போனவன்..." நினைவு தெரிந்த நாளாக வேணி கேட்கிற கதை. வருஷாவருஷம் அந்தப் பள்ளிக்கூடம் ஊரை விட்டுத் தள்ளித் தள்ளிப் போய், இப்போது பச்சைமலையில் பாதி ஏறியிருந்தது.

தேர்வுப் போட்டி சித்திரை வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் வேணிக்கு எதிரே பிரான்சி என்ற பெண். பழக்க தோஷத்தில் மாதவன் உப்பிலியபுரம் கதையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். முதல் செட் வேணிக்கு.

பிரான்சி கையைத் தூக்கினாள். "சார், அந்த அங்கிள் ஸ்கூலுக்கு நடந்துக்கிட்டே இருக்காரு. என்னால ஆட முடியல."

நடுவர் பாக்கியநாதன் மாதவனை வெளியே அனுப்பினார். அவன் வீதியில் ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தான். மண்டபம் நிசப்தமாக இருந்தது. வேணி தொட்டதெல்லாம் தப்பியது. குழி வாசலில் நின்ற காயினைக்கூடக் கோட்டைவிட்டாள். இரண்டாவது செட் போயிற்று. மூன்றாவதும் போய்க்கொண்டிருந்தது. தன் வாய்தான் மகளைக் கெடுத்தது என்று மாதவன் தலையில் அடித்துக்கொண்டான். இனி பேசுவதில்லை என்று அரங்கநாதரை நினைத்துச் சத்தியம் செய்தான்.

ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடிக்கிற சாக்கில் வேணி ஜன்னலுக்கு வந்தாள்.

"அப்பா, உப்பிலியபுரம் கதையைச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"சீக்கிரம் ஆரம்பிங்கப்பா!"

அரங்கநாதர் மன்னிப்பார் என்று, பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த சந்திரம்மாளிடம் ஆரம்பித்தான். நடுவர் எட்டிப் பார்த்தார். வீதியில் பேசுகிறவனை அவர் என்ன செய்ய முடியும்? சந்திரம்மாள் நாரைக் கீழே வைத்துவிட்டாள். "அவ்வளவு தூரமா! பக்கத்துல வேற ஸ்கூலே இல்லையா தம்பி?"

உள்ளே காயின்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிற சத்தம் கேட்டது. ரெட்டும் விழுந்தது. வேணி ஜெயித்துவிட்டாள்.

"எப்படிம்மா?" என்றான் மாதவன், பஸ் ஸ்டாப்பில்.

"நீங்க பேசறது காதுல விழக்கூடாதுன்னு காயினையே பார்த்துப் பார்த்து ஆடுவேன். சின்னதுலேர்ந்து அப்படியே பழகிடுச்சு. திடீர்னு சத்தமில்லாம போனதும் கை ஓடல."

"அப்ப நான் பட்ட கஷ்டத்தை நீ கேட்டதே இல்லையா?"

"உங்க கஷ்டம் எனக்கு எப்படிப்பா தெரியும்? எனக்குக் கஷ்டம் நீங்கதானே."

சொன்னவள் கையிலிருந்த பவுடரைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மாதவனுக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் அலைந்து தேடியதைப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தோமே என்று சிரிப்பும் வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோமோ என்று, பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் காவிரிப் பாலம் தாண்டியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வேணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கோவமாப்பா? மாநிலப் போட்டி மதுரையில. நீங்க வரலன்னா நான் தோத்துடுவேன். அந்த மண்டபத்துல ஜன்னல் இருக்கான்னு மட்டும் இப்பவே கேட்டு வைங்க."