எலிகளுக்கு வைத்த ஜெல்

குமாரவேலின் வலது முட்டியை மடக்கி நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனபோதுதான் அவன் மூச்சு விடவில்லை என்று ஜோதிமணிக்குத் தெரிந்தது. புருஷனின் அந்தக் காலை மெல்ல நீட்டிவைத்தாள். பிறகு இடது காலையும் வழக்கம்போல மடக்கி நீட்டினாள். பாதியில் விட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் மாமியாரைக் கூப்பிட்டாள்.

பதில் சொல்ல வேண்டியது கொழுந்தன் ராஜமுருகனுக்கு. கேரட் மூட்டை ஏற்றிப்போன வண்டி வளைவில் கவிழ்ந்து குமாரவேல் தலையில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தது முதல் தம்பி சொல்வதுதான் அந்த வீட்டில் வேதம். பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்கிறவன். மூளையில் செத்துப்போன இடத்தில் வெறும் உயிர்ச்செல்லை வைத்தால் தங்காது, கூழ் மாதிரி ஒரு ஜெல்லில் பொதிந்து வைத்தால் பிடித்துக்கொள்ளும், தாய்மண்ணோடு எடுத்து நட்ட நாற்று மாதிரி என்பான். கவுஞ்சி மலைக்கிராமத்தில் நாற்று நட்டு வளர்ந்தவளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அப்படி வைத்த எலிகள் எழுந்து நடக்கின்றனவாம். மனுசருக்கும் அந்த மருந்து வந்துவிடும், அதுவரை அண்ணன் கைகால் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிவிட்டுப் போவான். நாயுடுபுரத்தில் இருக்கும் அவள் அக்கா அங்கே பேக்கரியில் வேலை பேசிவைத்து இரண்டு தடவை கூப்பிட்டும் ஜோதிமணி போகவில்லை. தான் போன மறுநாள் மருந்து வந்துவிட்டால் என்ன செய்வது?

மதியத்துக்கு மேல் ராஜமுருகன் வந்து சேர்ந்தான். கூடத்தில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். இவள் மருமகள் இல்லை, மகள், கடைசிவரை என்னோடுதான் இருப்பாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்லி அழுதாள். அதற்குமேல் கேட்க முடியாமல் ஜோதிமணி எழுந்து பின்னறைக்குப் போனாள். ராஜமுருகனும் பின்னாலேயே வந்தான்.

"எலிக்கு வச்சீங்களே தம்பி, அடிபட்டு எம்புட்டு நாள் கழிச்சு வச்சீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். "ஒரு வாரம். மிஞ்சிப்போனா ரெண்டு வாரம் மதினி."

"இவருக்கு நாலு வருசமாச்சு."

"ஆமா."

"அப்ப இவருக்குன்னு அது வரப்போறதில்லன்னு ஒங்களுக்குத் தெரியும்."

வெளியே கொட்டு தொடங்கி நின்றது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மாவால அண்ணனத் தூக்க முடியாது. நீங்க போயிருந்தா, வேலைய விட்டுட்டு நான்தான் இங்க வந்து கெடந்திருக்கணும் மதினி."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இன்றைக்கு எவ்வளவு கத்தினாலும் புருஷனுக்காகக் கத்துகிறாள் என்றுதான் வெளியே நினைப்பார்கள். 

படுக்கைப்புண் வராமலிருக்கக் குமாரவேலுக்குக் கட்டிலில் போட்டிருந்த தண்ணீர் மெத்தை உப்பிக் கிடந்தது. குனிந்து அதன் மூடியைத் திருகிக் கழற்றினாள். தண்ணீர் தரையில் இறங்கி, ராஜமுருகனின் பாதங்களை நனைத்து, பின்வாசல் தாண்டிப் பூண்டுப் பாத்திக்குள் ஓடியது. அவன் காலை நகர்த்தவில்லை. உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவர நேரமாகிவிட்டது என்று கூடத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். மெத்தை முழுதும் வடிந்து தட்டையாகும்வரை ஜோதிமணி மூடியைக் கையில் வைத்தபடி நின்றிருந்தாள்.