ஏரம்புவின் பானையில் இருந்த எண்

1958ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஸ்கந்தபுரத்தில் ஏரம்புவின் விதைநெல் இரண்டாகப் பிரிய மறுத்தது. முந்திய மார்கழி வெள்ளத்தில் மற்ற நெல்லெல்லாம் அழுகிப்போக, ஒரு சிறுபானை மொட்டைக்கறுப்பன் நெல் மட்டும் மிஞ்சியிருந்தது. ஏரம்பு கண்மூடிய பிறகு அவருடைய பிள்ளைகள் மயில்வாகனமும் நடராசாவும் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டைபிடித்து, விதையைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே உலை வைப்பதென்று முடிவெடுத்தார்கள். மூத்தவனின் மனைவி அருந்ததியும் இளையவனின் மனைவி பத்மாசனியும் கூடப்பிறந்தவர்கள். சாவகச்சேரியிலிருந்து ஒரே லொறியில் ஒரே அம்மியோடு வந்தவர்கள். அக்காவின் குரல் கேட்காத குசினியில் தனியே சமைப்பதை நினைக்க நினைக்கப் பத்மாசனிக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு பாயில் எப்படிப் பங்கிட்டாலும் ஒரு மணி மிஞ்சியது. அது இரண்டு பாய்க்கும் நடுவே முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. சற்று நேரத்தில் இரு பாயிலிருந்தும் நெல் எறும்புபோல ஊர்ந்து வந்து அதன் கீழே ஒன்றாகக் குவிந்தது. அந்த ஒரு மணி அண்ணனுக்குப் போவதற்கு நடராசா சம்மதிக்கவில்லை. மயில்வாகனம் அதைப் பிடித்துக் கோழிக்குப் போட்டான். கோழி விழுங்கியது, கொஞ்சம் யோசித்தது, திரும்பி வந்து குவியலில் கக்கிவிட்டுப் போனது.

கணக்குப் படிப்பிக்கிற தவராசா மாஸ்ரர் சைக்கிளில் வந்து, கும்பிட்டு, முதல் மணியை “லாபம்” என்று எடுத்து வைத்துவிட்டு நாலு நாள் எண்ணினார். ஒரு இலட்சத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. எட்டாகவும் பிரியும், பதின்மூன்றாகவும் பத்தொன்பதாகவும் பிரியும், இரண்டு எம்மாத்திரம் என்றார். “கணக்குப் பிரியுது. நெல்லுத்தான் மாட்டன் எண்டுது.”

தேத்தண்ணி கொண்டுவந்த பத்மாசனி நின்றாள். “மாஸ்ரர், லாபத்தை எண்ணினனீங்களோ?”

நெல் அளக்கையில் அங்கே யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம், இரண்டு, மூன்று என்றுதான் போவார்கள். மாஸ்ரர் லாபம் வைத்ததும் பள்ளிக்கூடப் பழக்கத்தில் அடுத்த மணியை ஒன்று என்று தொடங்கியிருந்தார். வெட்கத்தோடு ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் முட்டும் முந்நூற்று இருபத்து மூன்று வரைக்கும் ஒவ்வொரு எண்ணாலும் பிரித்துப் பார்த்தார். கணக்கு எழுதிய கொப்பி இரண்டு முடிந்தது. யாழ்ப்பாணம் போய் அட்டவணைப் புத்தகமும் பார்த்து வந்தார்.

“இது பகாவெண். ஒண்டாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் சரியாப் பிரியாது. இந்தச் சாதி எண்ணுகளுக்குள்ள இது பத்தாயிரமாவது.”

நெல்லை வெல்லலாம், அட்டவணையை வெல்ல முடியாது என்று இருவருக்கும் விளங்கியது. மயில்வாகனம் குவியலைப் பானைக்குள் அள்ளிக்கொண்டே கேட்டான்:

“அப்ப எங்க விதைக்கிறது?”

“உன்ர காணியில விதை அண்ணை,” என்றான் நடராசா. “தண்ணி முதல் அங்கதானே வருது.”

அதன்பிறகு ஒவ்வொரு அறுப்பிலும் அந்தப் பானை அதே எண்ணிக்கையைத்தான் கொண்டது. அந்தரத்து மணி மட்டும் விதைபட மறுத்து, முற்றத்தில் பழைய உயரத்துக்கே எழும்பி நின்றுவிட்டது. அறுபத்து மூன்றில் குடிசன மதிப்புக்கு வந்த உத்தியோகத்தர், இந்த வளவில் எத்தனை குடும்பம் என்று கேட்டார். அக்காவோடு அம்மியடியில் இருந்த பத்மாசனி தலைநிமிராமலே சொன்னாள்:

“லாபம்.”

அவரும் ஊர்க்காரர்தான். ஒன்று என்று எழுதிக்கொண்டு, முழங்காலில் முட்டாமல் அந்த மணியைச் சுற்றி அடுத்த வளவுக்குப் போனார்.