வெண்ணெய்க்குப் பசி இல்லை

ஜன்னலுக்குக் கீழே காரை பெயர்ந்த இடத்தில் நாக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான் வெண்ணெய். அவனுடைய அப்பாவுக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். "அப்பன் தொழிலை இப்பவே ருசி பாக்குறான்" என்று அவர் சொல்ல, வீடே சிரித்தது. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற அவன் அம்மாவும் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

ஒரு வயது முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்த அவனுக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. கொழுகொழு கன்னம், வெள்ளை வெளேரென்ற நிறம். பார்க்கிறவர்கள் கிள்ளாமல் போனதில்லை. அந்த வெளுப்பு அழகு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வெறும் வெளுப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. சாப்பாடு மட்டும் அவனுக்கு ஆகாது. மசித்த பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை மஞ்சள்கரு, எதைக் கொண்டுபோனாலும் கஜானாவைப் பூட்டுவதுபோல வாயைப் பூட்டிக்கொள்வான். கதவைத் தாண்டி ஒரு வாய் உள்ளே போனாலும் போன வேகத்தில் வெளியே வரும். "பால்தான் குடிக்கிறானே, பால்ல இல்லாத சத்தா?" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் பாலில் அம்மாவின் சுயநலமும் கொஞ்சம் கலந்திருந்தது. அவள் ஒரு டாக்சி ஆபீஸில் போன் எடுப்பவள். எங்கோ நெரிசலில் நிற்கிற வண்டியை "இதோ, தெருமுனையில திரும்புது சார்" என்று தேன் சொட்டச் சொல்லுவது பிழைப்பு. பிள்ளை கண் விழிக்கும் முன் கிளம்ப வேண்டும். பகலெல்லாம் அவன் நாத்தனாரின் பிள்ளை. கணவரின் அக்கா, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இவர்களோடு வந்து இருப்பவள். மாலையில் வேலை முடிந்து அவள் ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினால், வெண்ணெய் அத்தையின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஊரார் வீட்டுப் பெண் யாரோ வந்து கூப்பிடுவதுபோல ஒரு பார்வை. ஆனால் பால் பாட்டிலைக் குலுக்கினால் தாவி வந்துவிடுவான். அவள் மடியில் மல்லாந்து, அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, கண் சொருகக் குடிப்பான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் அன்றைய பொய்களையெல்லாம் சொல்லி முடித்திருப்பாள். தீர்ந்ததும் இறங்கிவிடுவானே என்று இன்னும் அரை பாட்டில் கலந்து கொடுப்பாள். காலையில் கிளம்பும்போதும், கண் திறக்காத அவன் வாயில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுத்தான் போவாள்.

சுவர் நக்குவது நிற்காமல் போகவே டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனார்கள். அவர் அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரையும் எதிரே உட்காரவைத்தார். "வயிறு நிறையுது, ரத்தம் நிறையல. பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அதையே வயிறு முட்டக் குடிச்சா சோத்துக்கு இடம் ஏது?" இரும்புச்சத்து குறைந்தால் பசியும் மந்தமாகுமாம், சுவரை நக்குவதும் பெரும்பாலும் அதனால்தானாம். சொட்டு மருந்தைப் பாலோடு சேர்க்காமல் பழச்சாற்றோடு கொடுக்க வேண்டும். பால் சாப்பாட்டுக்குப் பிறகு, டம்ளரில், சொன்ன அளவு மட்டும். பாட்டில் கூடவே கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுதிப் பார்த்ததுதான். அதில் பாலும் சேர்த்தி என்று யார் கண்டார்கள்?

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பாட்டில்களையெல்லாம் திரட்டிக் குப்பையில் போட்டாள். யாரும் பார்க்காதபோது அவன் அம்மா ஒன்றை மட்டும் எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

தாய்க்குத் தெரியாதா பிள்ளைக்கு எது நல்லது என்று? தெரியும். தெரிந்துதான் மாலைதோறும் துணி எடுக்கப் போகிற சாக்கில் அவனை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். ஒரே ஒரு பாட்டில்தானே, பகலெல்லாம் மருந்தும் சாப்பாடும் உள்ளே போகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தேன் குரலில். பகலில் இரண்டு வாய் தின்னப் பழகியவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் வாயைத் திறக்கவேயில்லை.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்று வந்தது. வேறு ஏதாவது கோளாறாக இருக்குமோ, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிடலாமா என்று டாக்டரம்மா யோசித்தார். பால் எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்டதற்கு நாத்தனார் நெஞ்சில் கைவைத்துக் கணக்குச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பிள்ளையின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலை அவள் பிள்ளையோடு மாடியிலிருந்து இறங்கியபோது நாத்தனார் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் மோவாயை ஒரு விரலால் துடைத்து முகர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாட்டில் இல்லன்னா எங்கிட்ட வரமாட்டான் அண்ணி."

நாத்தனார் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "வரமாட்டான்தான்" என்றாள். "கொஞ்ச நாளைக்கு வரமாட்டான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவனுக்குப் பசின்னு ஒண்ணு வரட்டும், விடு."

மறுநாள் பிள்ளையின் அம்மாவே டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் திட்டியதை வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு வந்த மாலைகள் நாத்தனார் சொன்னபடியே இருந்தன. அவள் வேலையிலிருந்து வந்ததும் வெண்ணெய் அவளுடைய கைப்பையைத்தான் முதலில் துழாவுவான். ஒன்றும் அகப்படாவிட்டால் உதட்டைப் பிதுக்கி ஒரு பாட்டம் அழுதுவிட்டு அத்தையிடம் போய்விடுவான். அவள் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு முகம் கழுவப் போவாள். குழாயைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிடுவாள்.

ஒரு மாலை, அவன் தொடாமல் வைத்த கிண்ணம் தரையில் இருந்தது. உருளைக்கிழங்கும் மஞ்சள்கருவும் சேர்த்து மசித்தது. மத்தியானம் அவளுக்குச் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதை எடுத்துத் தானே தின்ன ஆரம்பித்தாள். அவனைக் கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை. பசித்தது, தின்றாள். அவ்வளவுதான்.

அத்தையின் மடியிலிருந்து அவன் பார்த்தான். இறங்கினான். தள்ளாடி வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவள் வாய் அசைவதையே வேடிக்கை பார்த்தான். பிறகு கிண்ணத்துக்குள் ஐந்து விரலையும் விட்டு, பிசைந்து, கொஞ்சம் எடுத்து அவள் வாயில் திணித்தான். பாதி மூக்கில் அப்பியது. அவள் மென்று விழுங்கினாள். அவனுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு பிடி அள்ளி ஊட்டினான். நாத்தனார் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது பிடியை அள்ளினான். பாதி வழியில் அவன் கை நின்றது. விரலிடுக்கில் பிதுங்கி வழிவதை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான். அந்தக் கை யார் வாய்க்குப் போகப்போகிறது என்று அவள் திறந்த வாயை மூடாமல் காத்திருந்தாள்.