சுகர், சித்தி

கையில்லாத கவுனைத்தான் அக்கா எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். தங்கை அதைத் திரும்ப மடித்து அலமாரிக்குள் திணித்துவிட்டு, முழுக்கைச் சட்டை ஏதாவது அகப்படுமா என்று துணிகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கட்டிலில் அக்காவின் மகள் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் குத்திய குத்தில் இரண்டு கைகளும் திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தன. அந்த நீலத்தில் யாருக்கு எது தெரியப்போகிறது? ஆனால் தங்கையின் கண் எங்கே திரும்பினாலும் கடைசியில் இடது தோளுக்குக் கீழே இருந்த ஒரு புள்ளிக்கே போய் நின்றது. அது அங்கே உண்மையில் இருந்ததா, இவளாகப் பார்த்துக்கொண்டதா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தக் கவுனுக்கு என்ன குறைச்சல்? பிள்ளைக்குப் பிடிச்சது அதுதானே" என்றாள் அக்காவின் நாத்தனார். நிலையில் சாய்ந்து நின்று எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"கையெல்லாம் காயமா இருக்கு, அண்ணி. வர்றவங்க பாப்பாங்க."

"பாக்கட்டுமே. குத்தினவங்களுக்கே வெக்கமில்ல."

கூடத்தில் இருந்த அக்காவுக்குக் கேட்கவேண்டும் என்று சொன்ன சொல் அது. குரலை அதற்கேற்ற அளவுக்கு உயர்த்தித்தான் சொன்னாள். அது தன் முதுகில் வந்து தைத்ததைத் தங்கை காட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக் குளிர்காலச் சட்டை ஒன்று அடியில் கிடைத்தது. அதைப் போட்டு மணிக்கட்டு வரை பொத்தானை மாட்டினாள்.

பிள்ளைக்கு வீட்டில் எலி என்று பெயர். பல் முளைத்ததிலிருந்து பென்சில், சட்டைக் காலர், நாற்காலியின் கை என்று எதையாவது கொறித்துக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். கொறிக்கிற பிள்ளைக்குத்தானா சர்க்கரை நோய் வரவேண்டும்? பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே வந்துவிட்டது. காலையிலும் ராத்திரியிலும் அக்கா இன்சுலின் ஊசி போடுவாள். மதிய ஊசிக்கு என்ன வழி என்று வீடே தலையைப் பிய்த்துக்கொண்டபோது, நான் இருக்கிறேனே என்று முன்னால் வந்தவள் தங்கைதான். அவள் அதே பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். மருந்து அறையும் அவள் பொறுப்பு.

அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் மெஷின் இருந்த மூலையைப் பலகையால் மறைத்து, ஒரு கட்டில், ஒரு குட்டி ஃபிரிட்ஜ், பூட்டுப் போட்ட ஓர் அலமாரி, அவ்வளவுதான். இழுப்புக்காரப் பிள்ளைகளின் பம்ப்பும் வலிப்புக்காரப் பையனின் மாத்திரையும் பெயர் ஒட்டிய டப்பாக்களில் இருக்கும். சாவி தங்கையின் கழுத்தில் தொங்கும். சாவி ஏறிய நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது என்று டீச்சர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டு, தலைவலி மாத்திரைக்கு அவளிடமே வந்து பல்லைக் காட்டுவார்கள்.

மருந்தோ மிட்டாயோ எந்தப் பிள்ளையின் பையிலும் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அக்கா எலியின் பையில் போட்டனுப்பிய குளுக்கோஸ் பொட்டலத்தையும் தங்கை பிடுங்கி அலமாரிக்குள் வைத்தாள். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சித்தி என்று கூப்பிடக்கூடாது, மற்றவர்களைப் போல மிஸ் என்றுதான் கூப்பிடவேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தாள். பாரபட்சமே கிடையாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு கூட்டத்தில் அவளைப் பாராட்டியதைத் தங்கை பல நாள் அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள். மருந்து அறை வாசலில் ஒரு வகுப்பே வரிசையில் நின்று இடித்துக்கொண்டிருந்தது. மதிய ஊசியைப் போட்டுக்கொண்டு போய், விளையாட்டு பீரியட் முடிந்து வந்த எலி, வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே புகுந்தாள். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "சுகர், சித்தி" என்று கையை நீட்டினாள்.

மிஸ் என்று சொல்லாததே தங்கைக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு, எவனோ பிறந்தநாளுக்குக் கொடுத்த சாக்லேட்டை இவள் சுவரோரம் நின்று விழுங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். கண்டதைத் தின்றால் சுகர் ஏறாமல் வேறென்ன செய்யும்? விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முதலில் குத்திப் பார், பிறகு ஊசியைத் தொடு என்று பயிற்சியில் தலை தலையாக அடித்துக்கொண்டார்கள். ஆனால் பிள்ளையே தன் வாயால் சுகர் என்கிறாள், கையையும் நீட்டுகிறாள், வாசலில் வரிசை கத்துகிறது. நீட்டிய கையைப் பிடித்துத் தங்கை சட்டையைச் சுருட்டினாள். எலி வேண்டாம் என்று கையை இழுத்தாள். நடிக்காதே என்று தங்கை அதட்டினாள். வரிசை சிரித்தது. இன்னொரு ஊசியைப் போட்டு, கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, மிச்சப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கப் போனாள். கொடுத்து முடித்துத் திரும்பியபோது கட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற ஏற்றச் சர்க்கரை இறங்கிக்கொண்டே போயிற்று. டாக்டர் வெளியே வந்து, இவ்வளவு இறங்க ஒரு காரணம் வேண்டுமே, எப்போது எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். அக்கா காலை அளவைச் சொன்னாள். தங்கை மதிய அளவைச் சொன்னாள். "வேற எதுவும் போடலியே?" என்று டாக்டர் தங்கையின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எலி அப்போது உள்ளே மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள். இல்லை என்று தங்கை தலையாட்டினாள். பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பகலில் ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு டீச்சர்களோடு வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டும் என்ற சாக்கில் சமையலறைக்கு வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி போகும் வழியில் தங்கை உளறியதையெல்லாம் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"மத்தியான ஊசியோட நிறுத்திக்கம்மா. அதுக்கு மேல யாரும் கேக்கப்போறதில்ல. கேட்டா நீ சித்தியா போட்டியா, ஸ்டாஃபா போட்டியான்னு வரும். ஸ்கூல் உன் பக்கம் நிக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவியே வைத்தாள். அவ்வளவு நல்ல பழக்கம்.

கூடத்தில் நாத்தனார் ஆரம்பித்திருந்தாள். சாகிற அளவுக்குச் சர்க்கரை தானாக இறங்குமா, காலையில் ஊசியைப் பிடித்த கை யாருடைய கை, அடுப்பிலும் போனிலும் கண் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு ஊசி போட்டால் இப்படித்தான் ஆகும், என் தம்பி வாயில்லாப் பூச்சி, ஒரு வார்த்தை கேட்கமாட்டான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்காவின் புருஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லைதான். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அப்படிப் போனது கேட்டதைவிட மோசமாக இருந்தது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கை இதையெல்லாம் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டாள். இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. அம்மா போன பிறகு அவளுக்குச் சடை போட்டுவிட்டு, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, கல்யாணமாகிப் போகும்போதும் இவளும் என்னோடுதான் வருவாள் என்று அடம் பிடித்துக் கூட்டிவந்தவள் அக்கா. இந்த வீட்டின் பின்னறைதான் அவளுக்கு வீடு. சொன்னால் அக்கா போய்விடுவாள். அந்தப் பயம் போலீஸ் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. தவிர, அவள் பிடித்துக்கொண்டிருக்க ஒரு கொம்பும் இருந்தது. பிள்ளையேதான் சுகர் என்று சொன்னாள், தானாக எதையும் செய்துவிடவில்லை.

அக்கா எழுந்து உள்ளறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். எலியின் முழுக்கைச் சட்டையைத் தடவிப் பார்த்தாள். ஏன் இது என்று கேட்கவில்லை. தங்கையையும் உட்காரச் சொன்னாள்.

"கடைசியா உன்கிட்ட என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலக்கா. வந்தா. படுத்துக்கறேன்னா. படுத்தா."

"சுகர்னு கேக்கலியா?"

"எத?"

"இறங்கறது அவளுக்கு முதல்லயே தெரிஞ்சிடும். சுகர், அம்மான்னு வந்து கைய நீட்டுவா. நான் சர்க்கரை டப்பாவத் தொறந்து உள்ளங்கையில ஒரு கரண்டி கொட்டுவேன். நக்கிட்டு ஓடிடுவா. உன் முன்னால செஞ்சதில்ல. சித்தி பாத்தா திட்டும்மா, ரகசியம்பா." அக்காவுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து உடைந்தது. "ஏறினா யார்கிட்டயும் சொல்லமாட்டா. ஊசிக்குப் பயம். சுகர்னு வாயத் தொறந்தாலே அவளுக்குத் திங்கணும்னு அர்த்தம்."

தங்கை பிடித்துக்கொண்டிருந்த கொம்பு கையோடு முறிந்து வந்துவிட்டது. எலி சொல்லவில்லை, கேட்டிருக்கிறாள். உள்ளங்கையை விரித்து நீட்டியிருக்கிறாள். இவள் அந்தக் கையைத்தான் பிடித்துத் திருப்பிச் சட்டையைச் சுருட்டினாள். தன்னிடம் மறைத்துவைத்திருந்த ரகசியத்தைப் பிள்ளை உயிர் போகிற நேரத்தில் தன்னிடமே வந்து உடைத்திருக்கிறாள். குளுக்கோஸ் பொட்டலம் இவள் கழுத்துச் சாவிக்குப் பின்னால் இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கேக்கவே இல்லியா?"

"கேக்கலக்கா."

அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டதுபோல் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். எலிக்குக் கேட்கக்கூட நேரம் கொடுக்காமல் இறங்கியிருக்கிறது என்றால் காலையிலேயே அளவு தப்பியிருக்கிறது. ஊசிப் பேனாவில் அளவைத் திருகி வைக்கும்போது பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைக்க ஓடினாள். திரும்பி வந்து எதில் நிற்கிறது என்று பார்க்காமல் போட்டுவிட்டாள். பார்த்தோமா பார்க்கவில்லையா என்று ராத்திரி முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்தாள், நினைவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

"அண்ணி சொல்றது சரிதான்டி. நான்தான் கொன்னுட்டேன்."

தங்கை வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பாளே, அதே பார்வை. அந்தப் பார்வை இனி ஒருநாளும் தன்மேல் விழாது என்று நினைத்த மாத்திரத்தில் தங்கையின் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"தெரியாமத்தானே போட்ட, அக்கா. விடு. எலி உன்ன மன்னிச்சிருப்பா."

அக்கா இந்த வார்த்தைக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவள்போல் சரிந்து தங்கையின் மடியில் விழுந்தாள். விழுந்து, விடிந்ததிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதாள். தங்கை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொடுக்க முடிகிறதே என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

சாயங்காலம், பிள்ளையைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. பிள்ளையோடு பின்னால் உட்கார அக்காவையும் இன்னொருவரையும் தவிர இடமில்லை என்றார் டிரைவர். நாத்தனார் ஏறுவதற்குச் செருப்பைக் கழற்றிவிட்டாள். அக்கா அவளைத் தடுத்தாள்.

"என் தங்கச்சி வரட்டும். கடைசி வரைக்கும் பிள்ளை கூட இருந்தவ அவதான்."

நாத்தனார் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். தங்கை ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி, கடைத்தெரு தாண்டி, பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் அக்கா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் தலை நழுவியது. தங்கை அவளை எழுப்பாமல் அதை நிமிர்த்தி வைத்தாள். கொஞ்ச தூரத்தில் தோள் மரத்துப்போயிற்று. அக்கா தூங்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.